திருத்தும் கைக்கு என்ன கூலி?

நமக்கு இப்போது வரும் வேலைகளில் பல 'மொழிபெயர்ப்பு' என்ற தலைப்பிலேயே வருவதில்லை. 'போஸ்ட் எடிட்டிங்' என்று வருகின்றன. கோப்பைத் திறந்தால் இடப்பக்கம் ஆங்கிலம். வலப்பக்கம் இயந்திரம் முன்கூட்டியே நிரப்பிவைத்த தமிழ். அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். சொல்லுக்கான கூலி பழைய ரேட்டில் பாதி, சில நேரம் அதற்கும் கீழே. கெடு நாளைக் காலை. "ட்ரான்ஸ்லேஷன் ஏற்கெனவே ரெடி, ஒரு பார்வை பார்த்தால் போதும்" என்று மின்னஞ்சலில் ஒரு வரி. ஃப்ரீலான்ஸ் செய்யும் நம் வாசகர்களில் இப்படியொரு வரியைப் பெறாதவர் அரிது.

செயற்கை நுண்ணறிவு நம் வேலையைப் பறித்துவிடுமா என்று மேடைகளில் வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். நம் மேசையில் நடப்பது வேறு. வேலை வருகிறது. பொறுப்பு குறையவில்லை. இயந்திரம் பாதியைச் செய்துவிட்டது என்ற கணக்கில் கூலி மட்டும் இறங்குகிறது. சொல்லுக்கு இவ்வளவு என்று அளக்கும் பழக்கத்தை நாமே கைவிடும் வரை இந்த இறக்கம் நிற்காது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011 ஜூனில். அன்றைய புள்ளியியல் முறை தந்த தமிழ் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்: எழுவாய் ஓரிடம், பயனிலை ஓரிடம், வேற்றுமை உருபைக் காணவே காணோம். 2016இல் அந்நிறுவனம் நரம்பியல் முறைக்கு மாறத் தொடங்கியது. 2017 ஏப்ரலில் அது தமிழுக்கும் வந்தது. 2022இல் ஒன்றிய அரசு பாஷிணி என்ற மொழிபெயர்ப்புத் தளத்தைத் தொடங்கியது. 2023இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் இண்டிக்டிரான்ஸ்2 என்ற இயந்திரத்தை உருவாக்கி, யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. சாட்ஜிபிடி வகையறாக்களும் அதற்குள் வந்துவிட்டன. ஆங்கிலம் தெரியாத ஒருவர் தனக்கு வந்த கடிதத்தின் சாரத்தைக் கைப்பேசியிலேயே அறிந்துகொள்கிறார். இது பெரிய நன்மை. இதை எதிர்த்து நாம் எழுதவில்லை.

நமக்குச் சிக்கல் தொடங்குவது இயந்திரத்தின் தமிழ் சரளமாகிவிட்ட இடத்தில்தான். பழைய இயந்திரத்தின் பிழை கண்ணை உறுத்தும். தமிழை மட்டும் படித்தாலே பிடிபட்டுவிடும். இன்றைய பிழை நல்ல தமிழுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் சொல்வது: 'மருத்துவர் சொன்னாலொழிய இம்மருந்தை நிறுத்தாதீர்கள்.' இயந்திரம் தந்தது: 'மருத்துவர் சொன்னால் இம்மருந்தை நிறுத்தாதீர்கள்.' இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, ஓட்டத்திலும் குறை இல்லை. மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகும் நோயாளி அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். 'ஒரு பார்வை' பார்ப்பவருக்கு இது தென்படாது. ஆங்கில வாக்கியத்தை முழுதாகப் படித்து, பொருளை மனத்தில் நிறுத்தி, பிறகு தமிழைப் படித்து, இரண்டையும் ஒப்பிட்டால்தான் தென்படும். அப்படிப் படிப்பதற்கு, நாமே எழுதினால் ஆகும் நேரத்தில் பெரும்பகுதி ஆகிவிடுகிறது.

காப்பீட்டு ஆவணங்களில் வேறு விதம். ஒரு பத்தியில் 'பிரீமியம்', அடுத்ததில் 'தவணை', மூன்றாவதில் 'சந்தா'. மூன்றும் ஒன்றா வேறா என்று பாலிசிதாரர் எப்படி அறிவார்? விதிவிலக்குப் பட்டியலில் இரட்டை எதிர்மறை வந்தால் இயந்திரம் ஒன்றை விழுங்கிவிடுவதுண்டு. மரியாதை ஒருமையும் பன்மையும் ஒரே பக்கத்தில் மாறி மாறி வரும். இவை ஒவ்வொன்றையும் தேடித் திருத்துவது பழுத்த சரிபார்ப்பாளரின் வேலை. அதற்குப் பாதிக் கூலி என்பது தலைகீழ்க் கணக்கு.

தொழிலின் தர நெறிகளும் இதையே சொல்கின்றன. மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐ.எஸ்.ஓ. 17100 தரநெறி 2015இல் வந்தது. மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாம் நபர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதை அது கட்டாயமாக்கியது. 2017இல் வந்த ஐ.எஸ்.ஓ. 18587, இயந்திர வரைவைத் திருத்துவதற்கென்றே எழுதப்பட்டது. முழுத் திருத்தம் என்று அது வரையறுப்பது, மனிதர் மொழிபெயர்த்ததற்கு இணையான முடிவைத் தருவதை. அதைச் செய்பவருக்கு மொழிபெயர்ப்பாளருக்கு உரிய தகுதி வேண்டும் என்றும் அது கேட்கிறது. அதே தரம், அதே தகுதி என்று ஏஜென்சிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு உறுதி தருகின்றன. அந்த உறுதியைச் சுமக்கும் கைக்குக் கூலி என்று வரும்போது மட்டும் 'வெறும் திருத்தம்தானே' என்கிறார்கள். இந்த முரணை அடுத்த முறை ரேட் பேசும்போது நேராகவே சுட்டிக்காட்டுங்கள்.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திரம் நேரத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்தும் வேலைகள் இருக்கின்றன. இணையக் கடையின் பொருள் விவரம், மென்பொருளின் உதவிப் பக்கங்கள், ஆண்டுதோறும் சில வரிகள் மட்டுமே மாறும் படிவங்கள் போன்றவற்றில் வேகம் நன்றாகக் கூடுகிறது. அங்கே குறைந்த கூலி நியாயமாகவும் இருக்கலாம். தீர்ப்பு, மருந்து, ஒப்பந்தம், விளம்பரம், கதை என்று போனால் நிலைமை வேறு. சில கோப்புகளில் வரைவை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதே விரைவு. சொற்கணக்கு என்ற அளவுகோல் இந்த வேறுபாட்டைக் காட்டுவதேயில்லை. 6,000 சொல் என்றால் அதற்கு 6,000 சொல்தான்.

தமிழுக்கு அந்த அளவுகோல் எப்போதும் பொருந்தியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் வேலையில் மூலச் சொல்லை எண்ணிக் கூலி தந்தால், 'போகாமலிருந்திருக்கலாமே' என்பதற்கு ஒரு சொல்லுக்கான காசுதான் கிடைக்கும். அதை நாம் காலங்காலமாகப் பொறுத்துக்கொண்டோம். பிறகு, முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சேமித்துவைக்கும் மொழிபெயர்ப்பு நினைவகங்கள் வந்தன. நூறு சதவீதப் பொருத்தத்துக்கு இவ்வளவு கழிவு, எழுபத்தைந்துக்கு இவ்வளவு என்று ஓர் அட்டவணை வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டோம். இன்று இயந்திர வரைவின் ஒவ்வொரு வரியையும் 'பொருத்தம்' என்று அதே அட்டவணைக்குள் கொண்டுவருகிறார்கள். முன்பு ஒரு மனிதர் எழுதி, இன்னொருவர் சரிபார்த்து, வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்ட வாக்கியமும், இயந்திரம் இப்போதுதான் உருவாக்கிய, எவரும் படித்துப் பார்க்காத வாக்கியமும் ஒன்றாகுமா?

இதோடு பின்னிக்கிடப்பது 'தேவைக்கு ஆள்' என்ற ஏற்பாடு. மாதச் சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் அருகிவிட்டன. பட்டியலில் பெயர் வைத்திருந்து, வேலை வந்தால் அழைக்கிறார்கள். இதில் கிடைக்கும் சுதந்திரம் பொய்யில்லை. குழந்தை உறங்கும் நேரத்தில் வேலை செய்கிற தாயும், ஓய்வுபெற்ற ஆசிரியரும், ஊரைவிட்டு நகர மனமில்லாத இளைஞரும் இந்த ஏற்பாட்டால்தான் தொழிலுக்குள் வந்தார்கள். திருநெல்வேலியில் இருந்துகொண்டு டப்ளினுக்கு வேலை செய்ய முடிகிறது. ஆனால் வேலையில்லாத வாரம், மென்பொருள் உரிமத்தின் ஆண்டுக் கட்டணம், மின்வெட்டு, காய்ச்சல், பணம் வராத பில் எல்லாம் இப்போது தனிமனிதர் தலையில். இயந்திரமும் இந்த ஏற்பாடும் தனித்தனியே வந்திருந்தால் சமாளித்திருப்போம். சேர்ந்து வந்ததால், இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்தின் பலன் மேலே போகிறது. இயந்திரம் செய்யும் பிழையின் பழி கீழே இறங்குகிறது. சில தளங்களில் வேலை அறிவிப்பு வந்த சில நொடிகளுக்குள் பொத்தானை அழுத்தியவருக்குத்தான் அது. கோப்பைத் திறந்து பார்த்து ரேட் சொல்ல அவகாசமே இல்லை.

வெளியூர்ச் செய்திகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பிரிட்டனின் எழுத்தாளர் சங்கம் 2024 தொடக்கத்தில் நடத்திய கணக்கெடுப்பில், மொழிபெயர்ப்பாளர்களில் 36 சதவீதத்தினர் செயற்கை நுண்ணறிவால் ஏற்கெனவே வேலை இழந்ததாகவும், 43 சதவீதத்தினர் வருமானம் குறைந்ததாகவும் சொன்னார்கள். மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ நிறுவனம் 2023 இறுதியில் தன் ஒப்பந்தப் பணியாளர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தியது. அப்வொர்க் தளத்தில் எழுத்துப்பணி செய்யும் ஃப்ரீலான்சர்களை ஆராய்ந்தவர்கள், சாட்ஜிபிடி வந்த சில மாதங்களில் அவர்களுக்குக் கிடைத்த வேலைகள் 2 சதவீதமும் வருமானம் 5 சதவீதமும் குறைந்ததாகக் கண்டார்கள். நல்ல பெயரெடுத்த, அனுபவம் மிக்கவர்களும் அதில் தப்பவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 'தரமாகச் செய்தால் நமக்கு ஒன்றும் ஆகாது' என்று இருந்துவிட முடியாது.

ஹாலிவுட்டின் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்றதை நாம் கூர்ந்து படிக்க வேண்டும். அவர்கள் தொழிலில், புதிதாக எழுதுவதற்கு ஒரு கூலி, பிறர் எழுதியதைத் திருத்துவதற்கு அதைவிடக் குறைந்த கூலி. ஸ்டுடியோக்கள் இயந்திரத்தை வைத்து ஒரு வரைவை உருவாக்கி, 'இதைத் திருத்திக் கொடுங்கள்' என்று குறைந்த கூலியை நீட்டிவிடும் என்பதே அவர்கள் பயம். நமக்கு நடந்துகொண்டிருப்பது அதேதான். அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இயந்திரம் தந்த பிரதி எழுத்துப் படைப்பாகவோ மூலப் பிரதியாகவோ கருதப்படாது. எழுத்தாளரிடம் தரும் பிரதியில் இயந்திரத்தின் பங்கு இருந்தால் அதை நிறுவனம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. நாமோ ஒருவர் ரேட்டை இன்னொருவரிடம் சொல்லவே தயங்குகிறோம்.

சங்கம் கூடும் வரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் நம்மைப் போன்ற தனிநபர் சேவையாளர்களுக்கும் பொருந்தும். அதற்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு இலவசம். பதிவு செய்தவருக்கு இந்தியாவில் உள்ள ஏஜென்சி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி. அதற்கென உள்ள அரசுத் தளத்தில் முறையிடலாம். 2024–25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இப்படிக் கெடு தாண்டி நிறுத்திவைத்த தொகையை அந்த ஆண்டின் செலவாக ஏஜென்சி வருமான வரியில் கழிக்கவும் முடியாது. ஆகவே அவர்களின் கணக்காளர் நம் பில்லைக் கவனிக்கவே செய்வார். ஒரே நிபந்தனை: வேலையை எடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். 'தொண்ணூறு நாள் கழித்துத்தான் பேமெண்ட்' என்று எழுதிக்கொடுத்துவிட்டோமே என்று வருந்துகிறவர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வெளிநாட்டு ஏஜென்சிகளை இது எட்டாது.

நமக்குக் கைகொடுக்கக்கூடிய இன்னொரு சட்டம் கிக் தொழிலாளர் பற்றியது. கிக் தொழிலாளர் என்றதும் எல்லோருக்கும் உணவு கொண்டுவரும் இளைஞர்தான் நினைவுக்கு வருகிறார். நிதி ஆயோக் 2022இல் தந்த மதிப்பீட்டின்படி 2020–21இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள். 2029–30இல் அது 2.35 கோடி ஆகும். இந்தக் கணக்கில் நாமும் இருக்கிறோம் என்ற உணர்வு நமக்கு வரவில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நின்று சம்பாதிப்பவரைக் கிக் தொழிலாளர் என்று அது வரையறுக்கிறது. தளங்கள் தம் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். அந்தக் கடமை எந்தெந்தத் தளங்களுக்கு என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில் வாடகை வண்டியும் உணவு விநியோகமும் மட்டும் இல்லை. தொழில்முறைச் சேவைகளும், உள்ளடக்க – ஊடகச் சேவைகளும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு வேலையைத் தளம் வழியே பிரித்துத்தரும் நிறுவனங்கள் அதற்குள் வர வேண்டும் என்பது எங்கள் வாதம். நாம் கேட்காமல் அது நடக்காது.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு இடங்களை விரலால் தொட்டுப் படியுங்கள். நாம் திருத்திய வாக்கியங்கள் யாருடைய நினைவகத்துக்குப் போகின்றன, அவற்றை வைத்து இயந்திரத்தைப் பயிற்றுவிக்கலாமா என்பது ஒன்று. இண்டிக்டிரான்ஸ்2 பயின்ற ஏறத்தாழ 23 கோடி வாக்கிய இணைகளில் மனிதர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தவையும் அடக்கம். அது பொதுவில் திறந்துவைக்கப்பட்டதால் நாடு பயன்பெறுகிறது. ஏஜென்சியின் மூடிய இயந்திரத்துக்குப் போகும் நம் திருத்தம் யாருக்குப் பயன்படுகிறது, அதற்கு என்ன ஈடு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும்; கையெழுத்திடும் முன் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள். மற்றது ரகசியம் காத்தல். 2017இல் நார்வேயின் ஸ்டாட்ஆயில் நிறுவன ஆவணங்கள், இலவச இணைய மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றில் இடப்பட்டதால் கூகுள் தேடலிலேயே கிடைத்தன. அவசரத்துக்கு வாடிக்கையாளரின் மருத்துவ அறிக்கையை இலவச இயந்திரத்தில் ஒட்டுபவர் என்ன ஆபத்தைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார் என்று எண்ணிப்பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைகொள்ளச் செய்வது புதிதாக வருபவர்களின் நிலைதான். நம்மில் பெரும்பாலோர் தொழிலைக் கற்றது எளிய வேலைகளில். மிக்ஸி விளக்கக் கையேடு, வங்கிப் படிவம், அரசுத் துண்டறிக்கை. மூத்தவர் ஒருவர் சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பித் தருவார். ஏன் திருத்தினார் என்று கேட்டு அறிந்துகொள்வோம். அந்த எளிய வேலைகளைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்டது. இன்று புதியவரின் கைக்கு முதலில் வருவதே இயந்திர வரைவு. தானாக ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பழகாதவர், இயந்திரம் கட்டிய வாக்கியத்தில் எது பிசகு என்று எப்படிச் சொல்வார்? பார்த்துக்கொண்டே இருந்தால் இயந்திரத் தமிழே இயல்பாகத் தோன்றத் தொடங்கிவிடும். செயப்பாட்டுவினை மலிந்த, 'ஒரு' என்ற சொல் தேவையில்லாமல் முன்நிற்கும் வாக்கியங்கள் இப்போதே செய்திகளிலும் பாடநூல்களிலும் புழங்குகின்றன. உச்ச நீதிமன்றம் 2019இல் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைத் தொடங்கியது. இன்று தீர்ப்புகள் தமிழிலும் வருகின்றன. வழக்காடுபவர் புரிந்துகொள்வதற்கு மட்டுமே அந்தத் தமிழ் வடிவம், வேறெதற்கும் அல்ல என்ற குறிப்போடு அவை வருகின்றன. அந்தக் குறிப்பின் தேவையைக் குறைக்கக்கூடியவர், இரு மொழியிலும் சட்டத்திலும் ஊறிய மொழிபெயர்ப்பாளர்தான். அவரை உருவாக்கப் பத்தாண்டு ஆகும். இடையில் அவர் சாப்பிட வேண்டும்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புத் துறையும், மைசூரிலிருந்து இயங்கும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் இதில் முன்வர வேண்டும். மாணவர் முதலாண்டு முழுவதும் இயந்திரமில்லாமல் எழுதட்டும். அடுத்த ஆண்டு இயந்திர வரைவில் மறைந்த பிழையைத் தேடும் பயிற்சி பெறட்டும். மூத்தவர்களான நாமும் ஒரு பொறுப்பை ஏற்க வேண்டும். பெரிய வேலை வந்தால் ஒரு புதியவரைச் சேர்த்துக்கொண்டு, அவர் பங்குக்குக் கூலி கொடுத்து, திருத்தத்தை விளக்கிச் சொல்ல நேரம் ஒதுக்குவோம். ஏஜென்சிகள் இதைச் செய்யப்போவதில்லை.

ரேட் விஷயத்தில் இந்த இதழ் பரிந்துரைப்பது இதுதான். இயந்திர வரைவைத் திருத்தும் வேலைக்குச் சொற்கணக்கில் விலை சொல்லாதீர்கள், மணிக்கணக்கில் சொல்லுங்கள். மறுத்தால், கோப்பில் நான்கைந்து பக்கத்தை மாதிரியாகத் திருத்தி, ஆன நேரத்தைக் காட்டி, அதன்பின் தொகை பேசுங்கள். மருத்துவம், சட்டம், நிதி என்றால் முழு மொழிபெயர்ப்புக் கூலிக்குக் குறையாமல் நில்லுங்கள். வரைவு இயந்திரத்துடையதா என்பதை வேலை ஆணையிலேயே எழுதித்தரக் கேளுங்கள். 'ஒரு பார்வை மட்டும்' என்று கூலி தந்தால், மூலத்தோடு ஒப்பிடவில்லை என்ற குறிப்போடு கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியாக ஒருவர் இப்படிக் கேட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் எல்லோரிடமும் ஒரே ஆதாரம் இருக்க வேண்டும் என்கிறோம். தமிழில் போஸ்ட் எடிட்டிங்குக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நாமே சேர்ந்து கணக்கெடுத்தால், அந்தக் கணக்கை எவரும் மேசையில் வைத்துப் பேசலாம். இனி நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்த வேலைக்கும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறித்துவைத்து எங்களுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் துறைவாரியாகத் தொகுத்து வெளியிடுவோம். வேலை தந்தவரின் பெயரோ கோப்பின் உள்ளடக்கமோ வேண்டாம். எந்தத் துறை, எத்தனை சொல், எத்தனை மணி, என்ன கூலி, எத்தனை வாக்கியங்களை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினீர்கள் என்பது மட்டும் போதும்.